செபமாலைபுரத்து எண்ணெய் பரீட்சையில் சித்தியடைந்தது

கொலின்ஸ் தன் வாழ்நாளில் எவருக்கும் கெடுதல் செய்தவனல்ல. அரசாங்கத்துக்கோ, பங்குச் சுவாமிக்கோ, ஏன், மனைவி சுசிலாவின் தமையன்மாருக்குக்கூட அவன் ஒரு சுடுசொல் சொன்னது கிடையாது. அப்படிப்பட்டவன் போன பங்குனி மாதம் வன்னி உயரழுத்த மின் அதிகாரசபைக்கு ஒரு கடிதம் எழுதினான். கெட்ட காலம் வந்தால் சிலருக்குக் காய்ச்சல் வரும், சிலருக்குக் கடிதம் எழுத வரும்.

கடிதத்தின் விஷயம் சின்னது. முல்லைத்தீவுக் கரையில் இருநூற்றுச் சொச்சம் குடும்பங்கள் கடலை நம்பியிருக்கும் ஊர் செபமாலைபுரம். அங்கே கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஓர் ஐஸ் ஆலை உண்டு. பத்து வருடம் மனுக்கொடுத்து வாங்கிய ஆலை. அது வருவதற்கு முன்னர், வலையில் பட்ட மீனை லொறிக்காரன் சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டும். அவன் வராத நாளில் மணலில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஆலை வந்தபின் மீன் ஐஸில் படுத்திருக்க, விலை பேச ஊருக்கு நேரம் கிடைத்தது. அந்த ஆலையை ஓட்டுகிறவன்தான் கொலின்ஸ்.

ஆலைக்குக் கறண்ட் வருவது வெளியே கம்பி வேலிக்குள் நிற்கும் ஓர் எண்ணெய்ச் சுவிச் வழியாக. ஆள் உயர இரும்புத் தொட்டி. உள்ளே அறுபது லீற்றர் எண்ணெய். முப்பத்துமூவாயிரம் வோற்றுக் கறண்டை இணைக்கும் செப்புத் துண்டுகள் அந்த எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். கைபிடியை இழுத்துத் துண்டிக்கும்போது செப்புக்கும் செப்புக்கும் நடுவே நெருப்புப் பாயப் பார்க்கும். எண்ணெய் அதை அணைத்துவிடும். எண்ணெய் நல்லதாக இருக்கும்வரைதான் இந்த ஒழுங்கு. அதற்குள் தண்ணீர் சேர்ந்தால் எண்ணெய் தன் வேலையை மறந்து நெருப்புக்கு வழிவிடும். பிறகு தொட்டி வெடிக்கும்.

ஆலை ஊருடையது, சுவிச் அதிகாரசபையுடையது. தெற்கில் மூடிப்போன ஏதோ ஒரு தொழிற்சாலையில் இருந்து கழற்றிவந்து, மூன்று பூச்சுப் பச்சை வர்ணம் அடித்து, பெயர்க்கல் நாட்டித் திறந்து வைத்தார்கள். வேலியில் மூன்று மொழியிலும் தொடாதே என்று எழுதி, கீழே மண்டையோடு ஒன்றும் வரைந்தார்கள். கொலின்ஸும் தொடவில்லை. ஆனால் காது என்று ஒன்று இருக்கிறதே. மாசி மழை விட்ட கையோடு தொட்டிக்குள் இருந்து குசினியில் மீன் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரத் தொடங்கியது.

அவன் கட்டாரில் எட்டு வருடம் ஓர் உப மின்நிலையத்தில் உதவியாளாக இருந்தவன். அங்கே எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று அவசரத்துக்குப் பார்க்க, சிவக்கக் காய்ச்சிய இரும்பில் நாலு துளி விடுவார்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். தொட்டியின் அடிக்குழாய் ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே வழிந்துவந்ததை ஒரு போத்தல் மூடியில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போனான். சுசிலா அப்போதுதான் அடுப்பில் மீன் பொரிக்கும் இரும்புத் தாச்சியை வைத்திருந்தாள். கேளாமல் கொள்ளாமல் நாலு துளியை விட்டான். தாச்சி சீறி, சுவர் முழுக்கப் புள்ளி போட்டது.

சுசிலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உதுக்குள்ள தண்ணியெல்லோ நிக்குது,” என்றாள்.

செபமாலைபுரத்து எண்ணெய் பற்றி அந்த வருடம் சொல்லப்பட்ட கருத்துகளில் சரியானது அந்த ஒன்றுதான். மிச்சமெல்லாம் கந்தோர்க் காகிதத்தில் வந்தன.

கொலின்ஸ் நேர்மையானவன் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதினான். சத்தம், துளி, தாச்சி, சுவர் எதையும் விடவில்லை. எண்ணெயை எடுத்துக் காய்ச்சி வடித்துத் தரும்படி, அல்லது புது எண்ணெய் விடும்படி தாழ்மையுடன் கேட்டுக் கையொப்பமிட்டான். கொஞ்சம் குறைவான நேர்மை இருந்திருந்தால் தாச்சியையாவது மறைத்திருப்பான்.

பதினொரு நாளில் பதில் வந்தது. அதிகாரசபை இவ்வளவு சுறுசுறுப்பாகப் பதில் எழுதுவது குற்றவாளிகளுக்கு மட்டும்தான் என்பது அவனுக்குத் தெரியாது. ‘பொரிதல்’ என்பது அதிகாரசபை ஏற்றுக்கொண்ட சொல் அல்ல என்று கடிதம் தொடங்கியது. எண்ணெய் கீழே விழும்வரை அதிகாரசபையின் சொத்து, விழுந்தபின் அதிகாரசபையின் இழப்பு. அந்த இழப்பை அனுமதியின்றிப் பயன்படுத்தியது ஏன் என்று அது கேட்டது. பரிசோதனைக்குப் பயன்பட்ட கருவிக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் உண்டா என்றும் கேட்டது. இல்லையெனில் கருவியை ஒப்படைக்க வேண்டும்.

கருவியை எடுத்துப்போக ஒரு பிக்கப்பில் இரண்டு பேர் வந்தார்கள். சுசிலாவின் தாச்சியைப் பொலித்தீனில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, ‘உயரழுத்தப் பரிசோதனைக் கருவி, இல. 1’ என்று சீட்டு ஒட்டினார்கள். சுசிலா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மூடியை எடுத்துவந்து நீட்டினாள்.

“இதையும் கொண்டுபோங்கோ. இல்லாட்டி இதுக்கெண்டு இன்னொருக்கா வருவியள்.”

அவர்கள் நன்றி சொல்லி, மூடியை ‘உதிரிப்பாகம்’ என்று பதிந்துகொண்டார்கள். அன்றைக்கு அவள் வீட்டில் மீன் குழம்புதான், பொரியல் இல்லை.

அதன்பிறகு முறைப்படி மாதிரி எடுக்கும் படலம் ஆரம்பமானது. மாதிரி எடுக்கும் அலுவலரின் பெயர் நிருஷன். வவுனியாவில் இருந்து வருவார். மெல்லிய, மரியாதையான மனிதர். விதிப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பார். விதிப்படி, முதல் இரண்டு லீற்றரைக் குழாய் கழுவுவதற்கென்று வெளியே விட வேண்டும். பிறகு லீற்றர்ப் போத்தல் மூன்று. ஒன்று ஆய்வுகூடத்துக்கு, ஒன்று கணக்காய்வுக்கு, ஒன்று ஆய்வுகூடமும் கணக்காய்வும் சண்டை பிடித்தால் பார்ப்பதற்கு. ஆக, ஒரு தரம் வந்தால் தொட்டியில் ஐந்து லீற்றர் குறையும். குறைந்ததைத் திரும்ப விட வேண்டும் என்று விதியில் இல்லை. இல்லாததைச் செய்கிற பழக்கம் நிருஷனுக்கும் இல்லை.

முதல்தரம் எடுத்தது செல்லுபடியாகவில்லை. போத்தலில் ஒட்டிய சீட்டு நீல நிறம். வருடம் பிறந்தபின் மஞ்சள் ஒட்டவேண்டுமாம். இரண்டாம்தரம் நல்ல மழை. உலர்ந்த காலநிலையில்தான் எடுக்கலாம் என்று எட்டாம் விதி சொன்னது, குறித்த திகதியை மாற்றக்கூடாது என்று ஒன்பதாம் விதி சொன்னது. ஆகவே மழைக்குள்ளேயே எடுத்தார்கள். ‘காலநிலை உலர்ந்தது’ என்று படிவத்தில் எழுத மட்டும் குடை பிடித்தார்கள், எழுதுகிற மை கரையாதிருக்க. போத்தலுக்குள் மழை விழுந்து அதுவும் செல்லாமல் போனது. மூன்றாம்தரம் சாட்சிக் கையொப்பம் வைக்கவேண்டிய கிராம அலுவலர் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கடமைக்குப் போய்விட்டார். நாலாம்தரம் எல்லாம் சரியாக அமைந்தது. நிருஷனுக்கே நம்ப முடியவில்லை. படிவத்தை மூன்று முறை வாசித்துவிட்டுக் கொலின்ஸுக்குக் கைகொடுத்தார்.

குழாய் கழுவிய எண்ணெய் ‘அழிக்கப்பட்டது’ என்று ஒவ்வொரு தடவையும் பதிவானது. அதைச் சாரதி ஒரு பிளாஸ்ரிக் கானில் பிடித்துக்கொண்டு போவதைக் கொலின்ஸ் கண்டான். ட்ரான்ஸ்போமர்களுக்கும் விடுகிற இந்த எண்ணெய் முழங்கால் வலிக்கு நல்லது என்று வன்னியில் ஒரு கதை உலாவுவது அவனும் அறிந்ததுதான். அந்த மாதம் வவுனியாக் கந்தோரில் படி ஏற மாட்டாதிருந்த மூன்று எழுதுவினைஞர்கள் மேல்மாடிக்குப் போய்வரத் தொடங்கினார்கள். அதிகாரசபையின் சேவையால் மக்கள் அடைந்த நன்மை ஏதாவது உண்டா என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்று பேரையும் காட்டலாம்.

ஆக, தொட்டியில் இருபது லீற்றர் போய்விட்டது. பக்கத்துக் கண்ணாடிக் குழாயில் எண்ணெய் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கி நின்றது. சத்தம் முந்தியதை விடப் பெரிதாகக் கேட்டது. வெளியே கீரிமீன் பருவம் தொடங்கிவிட்டது. கரைவலைகள் நிறைய நிறைய வந்துகொண்டிருந்தன. ஐஸ் ஆலை இரவுபகல் ஓடியது. கொலின்ஸ் தூக்கத்திலும் அந்தச் சத்தத்தைக் கேட்டான். சுவிச் வெடித்தால் ஆலை நிற்கும், ஆலை நின்றால் பருவம் முழுவதும் மணலுக்குள் போகும். வேலிக்குப் பக்கத்தில் அந்நேரம் யார் நிற்கிறாரோ அவருடைய கதையும் முடியும். அந்த யார் பெரும்பாலும் தானாகத்தான் இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் பஸ் ஏறி, ஒட்டுசுட்டானில் இறங்கி மாறி, வவுனியாவுக்கு ஆய்வுகூடத்தைத் தேடிப் போனான். நல்ல குளிரூட்டிய அறை. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மெசின். சின்னக் கிண்ணத்தில் எண்ணெயை விட்டு, அதற்குள் இரண்டு பித்தளைக் குண்டுகளை இரண்டரை மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்து, வோற்றளவை மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். எந்த அளவில் எண்ணெய் முறிந்து பொறி பாய்கிறதோ அதுதான் அதன் பலம். முப்பது கிலோவோற்றுக்குக் கீழே முறிந்தால் எண்ணெய் கழிவு.

செபமாலைபுரத்து எண்ணெய் அறுபத்தொன்று எடுத்திருந்தது. வடக்கிலேயே அதுதான் கூடியதாம். நிருஷன் அறிக்கையைத் தன் சொந்தப் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு போல நீட்டினார்.

அது எப்படி முடியும் என்று கொலின்ஸ் கேட்டான். நாலாம்தரப் போத்தலின் அடியிலும் தண்ணீர் நின்றதைத் தான் கண்ணால் கண்டதாகச் சொன்னான். நிருஷன் பொறுமையாக விளக்கினார்.

“தண்ணி இருந்ததுதான் அண்ணை. நாங்கள் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் ஈர எண்ணெயை அப்பிடியே விட்டால் இந்த மெசின் பழுதாப் போகும். ஜேர்மன் மெசின். அதால முதல்ல எண்ணெயை இரண்டு நாள் அடுப்பில வைச்சு, நல்லாக் காயவைச்சு, வடிச்சுப்போட்டுத்தான் சோதிக்கிறது.”

“அப்ப தொட்டிக்குள்ள இருக்கிற எண்ணெய்?”

“அது வேற எண்ணெய் அண்ணை. நாங்கள் சோதிச்சது இந்த எண்ணெய்.”

சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் கபடம் எதுவும் இருக்கவில்லை. கொலின்ஸ் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தான். கோபம் வரவில்லை, தலைதான் சுற்றியது. அப்படியே மேல்மாடிக்கு ஏறிப் பிராந்தியப் பணிப்பாளர் சிவகரனைப் பார்க்கப் போனான்.

சிவகரன் பொறியியல் படித்தவர், பேச்சில் அதைவிட அதிகம் படித்தவர். மேசையில் மூன்று தொலைபேசி. கொலின்ஸ் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எண்ணெயைக் காய்ச்ச முடியாதென்றால் குறைந்ததையாவது விட்டு நிரப்பித் தாருங்கள் என்று அவன் கெஞ்சினான். அவர் கண்ணைத் திறந்து, எண்ணெய் நிரப்புவதற்கு எண்ணெய் தோற்றுப்போனதாகச் சான்றிதழ் வேண்டும் என்றார். சித்தியடைந்த பிள்ளையைத் திரும்பவும் அதே வகுப்பில் இருத்த முடியுமா என்று கேட்டார். பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கொலின்ஸ் அதற்காகத் தன்னைப் பின்னர் எவ்வளவோ நொந்துகொண்டான். தான் போகாமல் இருந்திருந்தால் அந்த மனிதனுக்கு அந்த யோசனை வந்தே இருக்காது.

வடக்கின் மிகச் சிறந்த எண்ணெய்க்கு விருது கொடுப்பது என்று முடிவாயிற்று. ஐஸ் ஆலை முற்றத்தில் விழா. பணிப்பாளர் சுவிச்சின் கைபிடியைத் தன் கையாலேயே இழுத்துக் கறண்டைத் துண்டித்து, மறுபடி இணைத்து, எண்ணெயின் தரத்தை மக்களுக்கு நிரூபித்துக் காட்டுவார். முகநூலில் நேரலை.

கொலின்ஸ் மூன்று கடிதம் எழுதினான். கைபிடிக்கு அருகே எவரும் நிற்கவேண்டாம், மேடையை நூறு அடி தள்ளிப் போடுங்கள், இழுக்கும் நேரத்தில் ஆலையின் மோட்டர்களை நிறுத்த விடுங்கள் என்று கேட்டான். மேடை கைபிடியில் இருந்து பதினைந்து அடிக்குள் இருந்தால்தான் படம் நன்றாக விழும் என்று பதில் வந்தது. மோட்டர் ஓடவேண்டும், பாரமில்லாத கறண்டைத் துண்டிப்பதில் என்ன பெருமை இருக்கிறது என்றும் கேட்டிருந்தார்கள். அவர்கள் உயிரைக் காப்பாற்ற அவன் எடுத்த முயற்சியை ‘ஒத்துழையாமை’ என்று ஒரு கோப்பில் போட்டு வைத்தார்கள்.

கரைவலைக்காரர் அன்ரன் சம்மாட்டியிடம் போய் முறையிட்டான். பத்துப்பதினைந்து பேரை வைத்து வலை இழுப்பிக்கிற மனிதர். கரையோரக் குடிசையான தன் வாடியின் வாசலில் கயிற்றுச் சுருள் மேலே உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவங்கள் சாகவேண்டாமெண்டு சொன்னால் கேக்க மாட்டாங்கள். வடிவா இருக்குமெண்டு சொல்லிப் பார்,” என்றார். சொல்லிவிட்டு எழுந்து, தான் இருந்த கயிற்றைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

கொலின்ஸுக்கு உறைத்தது. மறுநாளே பணிப்பாளரின் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தான். கைபிடியில் கரைவலைக் கயிற்றைக் கட்டி, அந்தோனியார் திருநாளுக்கு வாங்கி மிஞ்சிய கலர்ப் பேப்பரைச் சுற்றி, பணிப்பாளர் கடற்கரைப் பக்கம் நாற்பது மீற்றரில் நின்று சம்மாட்டி போல வலை இழுத்துத் திறந்து வைத்தால் எப்படியிருக்கும் என்று கேட்டான். பின்னணியில் கடல் விழும். கடற்றொழிலாளரின் மரபுக்கு மதிப்பளித்ததாகவும் இருக்கும். அரை மணிநேரத்தில் அனுமதி வந்துவிட்டது. மேடையும் கதிரைகளும் பந்தலும் ஒரே நாளில் கடற்கரைக்கு நகர்ந்தன. உயிராபத்துக்கு ஓர் அங்குலம் நகராதவர்கள் கலர்ப் பேப்பருக்கு நாற்பது மீற்றர் நகர்ந்தார்கள்.

விழா அன்று காலையில் மங்கள விளக்கு, மாலை, வரவேற்பு நடனம் எல்லாம் குறைவின்றி நடந்தன. சிவகரன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இந்த அதிகாரசபையின் எண்ணெய் இன்றுவரை எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. இது எப்படிச் சாத்தியமானது என்று வெளிநாட்டவர்கள் கேட்கிறார்கள். காரணம் மிக எளிது. தோற்கக்கூடிய எண்ணெயை நாங்கள் பரீட்சைக்கு விடுவதேயில்லை. ஒரு தாச்சியை வைத்துக்கொண்டு எங்கள் எண்ணெயைக் குறைசொன்னவர்களும் இருந்தார்கள். அந்தத் தாச்சி இன்று எங்கள் காவலில் இருக்கிறது. எங்கள் பொறியியலாளர்கள் அதை மூன்று மாதமாக ஆராய்ந்துவருகிறார்கள். அதில் எந்தக் குறையும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

கைதட்டல் நன்றாகவே இருந்தது. அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு கயிற்றை இழுத்தார்.

முதலில் தொட்டி இருமியது. பிறகு அதன் இரும்பு மூடி தென்னை உயரத்துக்குப் போனது. அதன் பின்னால் கறுப்புப் புகையும் நெருப்பும் எழுந்தன. பதினைந்து அடியில் முதலில் மேடை போட்டிருந்த இடத்தில் எரியும் எண்ணெய் மழையாகக் கொட்டியது. மேளகாரர் இதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளதென்று நினைத்துக் கொஞ்சநேரம் விடாமல் அடித்தார்கள். ஊர்ச்சனம் மணல் வாளிகளோடு ஓடிப்போய் நெருப்பை அமத்தியது. ஒருவருக்கும் காயமில்லை. பணிப்பாளரின் வெள்ளைச் சட்டையில் மட்டும் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. அவர் கயிற்றை விடாமல் பிடித்தபடியே, கறண்ட் வெற்றிகரமாகத் துண்டிக்கப்பட்டதாக நேரலையில் அறிவித்தார். அதில் பொய் எதுவும் இருக்கவில்லை.

ஆலை நின்றது. இருந்த ஐஸ் இரண்டு நாளில் கரைந்து வாய்க்காலில் ஓடியது. மூன்றாம் நாளில் இருந்து லொறிக்காரர் பழையபடி கதிரை போட்டு இருந்துகொண்டு விலை சொன்னார்கள். நாலாம் நாள் ஒரே வலைப்பாட்டில் பட்ட கீரிமீன் முழுவதும் மதியத்துக்குள் கண் சிவந்து வயிறு வெடித்தது. பெண்கள் உப்புப் போட்டுக் கருவாடாக்கியது போக மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். கொலின்ஸும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனான். ஒருவரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பத்து வருடத்து மனுக்களையும் மீனோடு சேர்த்துப் புதைப்பதாக அவனுக்குப் பட்டது. அழுகை வந்தது, மணலை வாரிப் போட்டான்.

எட்டாம் நாள் விசாரணை அலுவலர் வந்தார். சுமித்திரா என்று பெயர். ஐம்பதை நெருங்கிய, களைத்த முகமுள்ள பெண். ஜன்னல் இல்லாத ஐஸ் அறைக்குள் மேசையைப் போட்டு உட்கார்ந்து, இருட்டில் எழுத்துத் தெரியாததால் கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் கொலின்ஸிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டுப் படிவத்தை வாசித்தார். ‘மின்வழங்கல் தடையின்றி உண்டா’ என்பது முதல் கேள்வி. ‘ஆம்’ என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. சித்தியடைந்த எண்ணெய் முறிந்ததாகப் பதிவதற்குப் படிவத்தில் இடம் இல்லையாம்.

கொலின்ஸ் ஆதியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னான். சுமித்திரா ஒரு சொல்லையும் மறுக்கவில்லை. இடையிடையே ஓம் ஓம் என்றார். முடிந்ததும் பேனையை மூடிவைத்தார்.

“அண்ணை, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அது எனக்கும் தெரியும், வவுனியாவில எல்லாருக்கும் தெரியும். ஆனால் நான் முடிவு எழுத வேணும். எண்ணெய் பிழையெண்டு எழுதினால் ஆய்வுகூடம் பிழையாகும். அதுக்கு ஆணைக்குழு போடோணும், ஒண்டரை வருசம் போகும். சுவிச் பிழையெண்டு எழுதினால் அதை வாங்கின ஆக்களெல்லாம் பிழையாகும். அந்தக் கோப்பைத் திறக்கக் கொழும்பில இருந்து கடிதம் வரோணும். மனுசன் பிழையெண்டால் ஒரு பக்கத்தில முடியும்.”

கொலின்ஸ் வெளிச்சத்தைத் தாளுக்கு நேரே பிடித்தான்.

“வவுனியாக் களஞ்சியத்தில புதுச் சுவிச் ஒண்டு மூண்டு வருசமாக் கிடக்குது. எண்ணெயும் கிடக்குது. இந்த ஒரு பக்கம் கையில கிடைச்சால் நாளைக்கு ஏத்துவாங்கள்.”

அந்த ஒரு பக்கத்தை அவர் ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்திருந்தார். கயிறுதான் முக்கிய சான்று. வெடிக்கும் என்று முன்பே தெரியாதவன் எதற்காக நாற்பது மீற்றர் கயிறு கட்டுவான்? ஆகவே ஆலை இயக்குநர் கொலின்ஸ், அடிக்குழாயை அனுமதியின்றித் திறந்து பரிசோதனை செய்தபோது ஏற்பட்ட கவனயீனத்தால் எண்ணெய்க்குள் தண்ணீர் புகுந்தது. அதை அவர் ஒப்புக்கொள்கிறார். அவர் இனிமேல் வேலிக்குள்ளோ ஆலைக்குள்ளோ கால் வைக்கமாட்டார். கீழே ஒரு புள்ளிக் கோடு.

வெளியே கரைவலை இழுக்கிறவர்களின் சத்தம் கேட்டது. பெரிய வலைப்பாடு என்று சத்தத்திலேயே தெரிந்தது. பருவம் முடிய இன்னும் ஏழு கிழமை இருந்தது. அந்த மீன் எங்கே போகும் என்று கொலின்ஸ் யோசித்தான். பிறகு வெளிச்சத்தைச் சுமித்திராவின் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து கையொப்பம் வைத்தான். ஆத்திரத்தில் பேனையை அழுத்தியதில் எழுத்துக் கோணலாக விழுந்தது. அவர் அதைக் கவனித்தும் கவனிக்காதவர் மாதிரித் தாளை மடித்தார். போகும்போது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை என்று மெல்லச் சொன்னார்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த நாள் லொறி வந்தது. சுவிச் வந்தது, எண்ணெய் வந்தது, விதுசன் என்று சான்றிதழுள்ள ஓர் இயக்குநரும் வந்தார். அதிகாரசபையும் சும்மா இருக்கவில்லை. எண்ணெயில் தண்ணீர் இருந்ததாக ஒப்புதல் கிடைத்துவிட்டதால், தண்ணீர் கலந்த எண்ணெயில்கூட அறுபத்தொரு கிலோவோற்றுப் பெற்ற நாட்டின் ஒரே ஆய்வுகூடம் என்று அந்த மாத அறிக்கையில் போட்டுக்கொண்டது. சிவகரனுக்குக் கொழும்பில் மேலும் பெரிய மேசை கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை முதல் ஐஸ் விழுந்தது. ஊர் முழுக்கப் பெட்டிகளோடு வரிசையில் நின்றது. கொலின்ஸ் வேலிக்கு வெளியே, சுசிலாவின் தமையன் ஒருவனின் வள்ளத்து மீன்பெட்டியோடு நின்றான். உள்ளே மோட்டர் ஓடுகிற சத்தம் அவனுக்குத் தன் பிள்ளையின் குரலாகக் கேட்டது. போய்ப் பார்க்க உரிமை இல்லை. அன்ரன் சம்மாட்டி வரிசையை விட்டு விலகி அவனிடம் வந்தார்.

“நீ கையெழுத்து வைச்சது பொய்யெண்டு ஊருக்குத் தெரியும்,” என்றார்.

“முழுப்பொய் இல்லை அண்ணை,” என்றான் கொலின்ஸ். “தண்ணி இருந்ததெண்டது உண்மைதானே. ஆர் விட்டது எண்டதுதான் பொய். நான் நாலு மாதமா எழுதின கடிதமெல்லாம் குப்பைக்குள்ள போச்சுது. நான்தான் விட்டனான் எண்டு எழுதினவுடன தண்ணி இருந்ததை ஒத்துக்கொண்டிட்டாங்கள்.”

சம்மாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் வரிசை நகர்ந்து கொலின்ஸின் முறை வந்துவிட்டது. விதுசன் வேலி இடுக்கால் பெயரைக் கேட்டு, பட்டியலைப் பார்த்து, உள்ளே வரக்கூடாதவர் என்று கண்டு, ஐஸ் கட்டியைக் கம்பிக்கு மேலால் தூக்கிக் கொடுத்தார். கொலின்ஸ் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து வாங்கிக்கொண்டுபோய், வெயில் ஏறுமுன் மீனுக்கு மேலே உடைத்துப் பரப்பினான்.